மூடுபனியும் ஆளில்லாத கரையும்

பயண எழுத்துக்கு மூடுபனி மேல் ஒரு தனி மோகம் உண்டு. எதிரே இருப்பதைப் பனி மறைத்துவிட்டால் எழுதுகிறவர் தன்னோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கலாம். இந்த வசதிக்குப் பின்னால் ஓர் அரசியல் இருக்கிறது என்பது என் வாதம்.

பாய்மரப் பயண நூல்களுக்கு முன்மாதிரி ஜோஷுவா ஸ்லோகம் 1900இல் வெளியிட்ட நூல். 1895இல் பாஸ்டனிலிருந்து 'ஸ்ப்ரே' என்ற படகில் தனியாளாகக் கிளம்பி, 1898இல் உலகைச் சுற்றி முடித்தவர். அட்லாண்டிக் பனிமூட்டத்தில் தனிமை தாங்காமல், சுக்கான் பிடிக்க ஆள் இருப்பதுபோல உரக்கக் கேள்வி கேட்கிறார். அருமையான பகுதி. மெகல்லன் நீரிணைப் பகுதியில் பிரதி வேறாகிறது. ஒதுக்கமான இடத்தில் நங்கூரமிட்டுத் தூங்கப் போகுமுன் மேல்தளமெங்கும் ஆணிகளை இறைத்து வைக்கிறார். இரவில் ஏறிய பூர்வகுடிகள் வெறுங்காலில் குத்தி அலறி ஓடுகிறார்கள். வாசகர் சிரிக்கணும் என்றே எழுதியது, நாமும் சிரிக்கிறோம். வந்தவர்கள் கொள்ளையடிக்கவே வந்திருக்கலாம். ஆனால் அந்த அமைதியான கரை யாருடையது என்ற கேள்வி சிரிப்பில் காணாமல் போகிறது. அதே காலத்தில்தான் டியெர்ரா டெல் ஃபுவேகோவில் ஆட்டுப்பண்ணைகளுக்காகச் செல்க்னம் மக்கள் வேட்டையாடப்பட்டார்கள்.

கொல்லிமலை பற்றிய நம் பயணக் கட்டுரைகளும் பனியைக் கடலாக்கித்தான் எழுதுகின்றன. 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, வாசலூர்பட்டிப் படகுச் சவாரி. பிறகு மனுஷ வாடையே இல்லாத அமைதி. செம்மேட்டைத் தாண்டி எந்தப் பக்கம் நடந்தாலும் ஊர் வருது. பள்ளத்தில் நெல், சரிவில் மரவள்ளி, மரங்களில் மிளகுக்கொடி. சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளை மரவள்ளி பிடித்துக்கொண்டதற்குச் சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் ஒரு காரணம். மலையாளிப் பழங்குடிகளின் இந்த உழைப்பு கட்டுரைக்குள் வருவதில்லை.

அவர்களுக்குப் பதிலாகக் கொல்லிப்பாவை வருகிறாள். நற்றிணையில், குறுந்தொகையில் அவள் தலைவியின் அழகுக்கு உவமை. பிற்காலக் கதைகளில் சிரித்தே ஆளைக் கொல்பவள். கட்டுரையாளருக்கு வேண்டியது இரண்டாவது பாவை: மலை காலியாக இருக்கணும், கொஞ்சம் பயமுறுத்தவும் வேணும். ஆனால் அதே கதைப்படி அவள் காவலுக்கு நிறுத்தப்பட்டவள். காவல் என்றால் உள்ளே காக்கப்பட வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பனியை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பனிக்குள் பேருந்துக்காக நிற்கும் பெண்ணிடம் அது அவளுக்கு அழகா, தொந்தரவா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதினால் என்ன குறைஞ்சிடும்?