ஹடில்ஸ்டன் தோட்டம்: ஒரு மதிப்பீடு

சென்னை அடையாற்றங்கரையில் உள்ள ஹடில்ஸ்டன் தோட்டம் ஆங்கிலேயர் காலத் தோட்ட வீடாகும். 1882இல் பிரம்மஞான சபையினர் இதனை வாங்கினர். 1886இல் ஆல்காட் இங்கு அடையாறு நூலகத்தைத் தொடங்கினார். 1936இல் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ராவும், 1943இல் உ.வே.சா.வின் சுவடிகளைக் காக்கும் நூலகமும் இவ்வளாகத்திலேயே தோன்றின. பின்னர் முன்னது திருவான்மியூருக்கும், பின்னது பெசன்ட் நகருக்கும் இடம்பெயர்ந்தன.

இதனை இழப்பு என்பது பொருந்தாது. போடி மலைச்சரிவில் ஏல நாற்றை நாற்றங்காலில் வளர்த்துத் தோட்டத்தில் நடுவர். நாற்றங்காலில் எவரும் காய் பறிப்பதில்லை. இவ்வீடும் அத்தகைய நாற்றங்காலே. குறை வேறிடத்தில் உள்ளது: பலர் இவ்விடத்தை ஆலமரத்துக்காக மட்டுமே அறிவர். தமிழ்ச் சுவடிகளுக்கு நிழல் தந்த வரலாறும் மாணவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். பழைய தோட்ட பங்களா என்றாலே தங்கும் விடுதி என்று எண்ணும் மலையோர ஊர்களுக்கு இது நல்ல முன்மாதிரி.