வங்கிப் பக்கத்துக்கு யார் காவல்?

போன மாசம் போடிநாயக்கனூரில், ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் தெரிந்த அண்ணன் ஒருவரின் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஏலத்தில் எடுத்த காய்க்குப் பணம் அனுப்ப வங்கிப் பக்கத்தைத் திறந்தார். கடவுச்சொல்லுக்குத் திரையிலேயே விசைப்பலகை வந்தது. வலது கிளிக் வேலை செய்யாது, காப்பி பேஸ்ட்டும் கிடையாது. "பாத்தியா தம்பி, எவ்வளவு பாதுகாப்பு!" என்றார்.

என் கண் போனது பிரவுசரின் மேல் மூலைக்கு. அங்கே நாலு எக்ஸ்டென்ஷன்கள். அதில் ஒன்று பிடிஎஃப் மாற்றுவது. அதற்குக் கொடுத்திருந்த அனுமதி: எல்லா இணையதளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கலாம், மாற்றலாம்.

இந்த அனுமதி இருந்தால் வங்கி போட்ட பூட்டெல்லாம் வீண். திரை விசைப்பலகையில் தட்டினாலும் எழுத்து கடைசியில் போய் விழுவது பக்கத்தில் உள்ள ஒரு பெட்டியில்தான். எக்ஸ்டென்ஷன் அந்தப் பெட்டியையே படித்துவிடும். பக்கம் தன்னைத்தானே கண்காணிக்க ஒரு நிரல் வைத்தால், அதற்கு முன்பே எக்ஸ்டென்ஷனின் நிரல் ஓடத் தொடங்கலாம். பூட்டு வெளிய, திருடன் உள்ள.

சிஎஸ்பி என்று ஒரு பாதுகாப்பு விதி உண்டே என்று கேட்கலாம். அது எக்ஸ்டென்ஷன்களின் வேலையில் குறுக்கிடக் கூடாது என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. இல்லையென்றால் விளம்பரத் தடுப்பானையும் பார்வையற்றோருக்கு உதவும் கருவியையும் எந்தத் தளமும் முடக்கிவிடலாம்.

சரி, அரசு என்ன சொன்னது? 2020 ஜூனில் அவேக் செக்யூரிட்டி நிறுவனம் தகவல் திருடும் குரோம் எக்ஸ்டென்ஷன்களைக் கண்டுபிடித்துச் சொல்ல, கூகுள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நீக்கியது. அதையொட்டி செர்ட்-இன் எச்சரிக்கை விட்டது: தேவையானதை மட்டும் நிறுவுங்கள், பயனர் விமர்சனங்களைப் பாருங்கள், பயன்படுத்தாததை நீக்குங்கள்.

தப்பில்லை, ஆனால் போதாது. இந்த அறிவுரை பெரும்பாலும் நிறுவும் நாளைத்தான் பார்க்கிறது. ஆபத்து வருவதோ பிறகு, தானாக வரும் அப்டேட்டில். 'தி கிரேட் சஸ்பெண்டர்' நல்ல பெயர் வாங்கிய எக்ஸ்டென்ஷன். 2020இல் கை மாறியது, 2021 பிப்ரவரியில் தீங்கானது என்று கூகுள் நீக்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியரையே ஏமாற்றி, அதன் எக்ஸ்டென்ஷனில் கெட்ட பதிப்பை ஏற்றினார்கள். போடிக்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சாம்பிள் நல்ல காய்தான், மூட்டைதான் பிறகு மாறியது. சாம்பிளைப் பார்த்து எழுதிய விமர்சனம் எப்படிக் காப்பாற்றும்?

அதனால் என் குறை வங்கிகள் மீதுதான். பக்கத்துக்குள் வேலி கட்டுவதை விட்டு, பக்கத்துக்கு வெளியே சரிபார்க்க வழி செய்ய வேண்டும். அண்ணன் அன்று புதிதாக ஒருவரின் கணக்கைச் சேர்த்தார். போனுக்கு வந்த ஓடிபி செய்தியில் எண் இருந்தது, யாருடைய கணக்கு என்பது இல்லை. திரையில் சரியான கணக்கைக் காட்டிவிட்டு, வேறு கணக்கை எக்ஸ்டென்ஷன் அனுப்பியிருந்தால்? அவரே ஓடிபியைப் போட்டு அதை உறுதிப்படுத்தியிருப்பார். கணக்கின் கடைசி நாலு இலக்கமும் பெயரும் அந்தச் செய்தியில் இருந்தால், ஒரு பார்வையில் பிடித்துவிடலாம். செலவில்லாத திருத்தம், திரை விசைப்பலகையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

அதுவரை நாம் செய்யக்கூடியது: வங்கி வேலைக்கு குரோமில் 'கெஸ்ட்' சாளரம், அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது. மற்றவற்றுக்கு, 'கிளிக் செய்தால் மட்டும்' அனுமதி. அண்ணன் மூன்றை நீக்கிவிட்டார். பிடிஎஃப் மட்டும் வேணுமாம். "கணக்கருக்குத் தேவைப்படுது தம்பி" என்றார். அதை 'கிளிக் செய்தால் மட்டும்' என்று மாற்றிவிட்டு வந்தேன்.