கடனாளி வாசிக்க முடியாத பில்

கல்முனை பஸாரிலும் அக்கரைப்பற்றிலும் கடைகளின் பில் அழகாகிவிட்டது. மேல் மூலையில் இலச்சினை, கரும்பச்சைப் பட்டையில் 'இன்வொய்ஸ்' என்ற ஆங்கிலத் தலைப்பு, மெல்லிய கோடுகள், கீழே நன்றி சொல்லும் ஒரு வரி. காபன் வைத்து எழுதிய பில் புத்தகத்தின் இடத்தை, கென்வாவிலும் எக்செலிலும் ஆயத்தமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் பிடித்துவிட்டன. சிறுதொழில் பயிற்சிகளில் இது ஒரு பாடம். எளிமையான பாணியா, நவீன பாணியா, எந்த நிறம் உங்கள் வியாபாரத்துக்குப் பொருந்தும் என்று ஒரு முழுப் பிற்பகல் போகிறது. அண்மையில் அப்படியொரு பயிற்சியில் வளவாளர் ஒருவர், பில் தொழில்முறையாக இருந்தால் கடன் நேரத்துக்கு வந்துசேரும் என்று வாதாடினார். கேட்டிருந்த இளம் முதலாளிமார் அதை எழுதிக்கொண்டார்கள். அந்த வாதம் பிழையானது. பிழையான இடத்தில் அழகைத் தேடுகிறது.

டெம்ப்ளேட்டால் நன்மை இல்லையென்று சொல்லவில்லை. கூட்டல் பிழைப்பதில்லை. தொடர் இலக்கம் தானாக விழுகிறது. வட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பலாம். வங்கியில் கடன் கேட்கும்போது ஒரு வருட விற்பனையைக் காட்டலாம். மருதமுனையில் நெய்த சாரத்தையும் சாரியையும் கொழும்புக் கடைக்கு அனுப்புபவருக்கு ஆங்கில விலைப்பட்டியல் தேவைதான். அங்கே அதை வாசிக்க ஒரு கணக்காளர் இருக்கிறார்.

என் மறுப்பு அதற்கல்ல. இந்த டெம்ப்ளேட்டுகளை ஆக்கியவர்கள் மனத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் வேறு, நம் கடை வாசலில் நிற்பவர் வேறு. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு வேலை முடித்த பிறகு தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பும் தாள் அது. அதைப் பிரிப்பது ஒரு கணக்குப் பிரிவு. நம் பக்கத்தில் பில் கைமாறுவது சாமான் மேசையில். சாகாமம் குளத்தின் கீழ் வயல் செய்பவர் ஐப்பசி, கார்த்திகையில் யூரியாவும் களைநாசினியும் கடனுக்கு எடுத்துப் போகிறார். மாசி, பங்குனியில் பெரும்போக வெள்ளாமை வெட்டி, நெல் விற்றுக் கணக்குத் தீர்க்கிறார். நாலைந்து மாதம் இரண்டு குடும்பங்களுக்கு இடையில் நிற்கும் ஒரே எழுத்து அந்தத் தாள்தான். அதை அவரால் வாசிக்க முடியாது.

திகதியைப் பாருங்கள். பல டெம்ப்ளேட்டுகள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் போடுகின்றன. 2024 நவம்பர் 3ஆம் திகதி எடுத்த பசளை 11/03/2024 என்று அச்சாகிறது. நாம் அதை 2024 மார்ச் 11 என்று வாசிப்போம். விதைப்புக் காலத்துக் கடன் முந்திய பெரும்போகத்து அறுவடைக் காலத்துக் கடனாக மாறிவிடுகிறது. அந்த நவம்பர் கடைசியில்தான் அம்பாறை மாவட்டத்து வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளத்துக்கு முந்திய கடனா, திரும்ப விதைக்க எடுத்த கடனா என்பது அப்போது சிறிய கேள்வியல்ல. விலையும் அப்படித்தான். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டு, நவம்பரில் தடை நீங்கிய பிறகு யூரியா விலை ஏறிய ஏற்றத்தை எந்த விவசாயியும் மறக்கமாட்டார். அத்தகைய காலத்தில் 'ஃபெர்ட்டிலைசர் 4' என்ற ஒரே வரி எதைச் சொல்கிறது? என்ன பசளை, எத்தனை கிலோ மூடை, மூடைக்கு எந்த விலை என்பது எதுவும் அதில் இல்லை. டெம்ப்ளேட்டில் விவரத்துக்கு ஒரு கட்டம் விடப்பட்டிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டியிருப்பதால் கடைப்பையன் தெரிந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறான். பழைய பில் புத்தகத்தில் அதே பையன் தமிழில் மூன்று வரி எழுதியிருப்பான்.

என்னை மிகவும் வருத்துவது தாளின் அடியில் இருப்பது. மைக்ரோசொப்டின் எக்செல் டெம்ப்ளேட்டுகளில் ஒன்றின் கடைசி வரி, இத்தனை நாளுக்குள் முழுத் தொகையும் செலுத்தப்பட வேண்டும், தவணை தப்பிய கணக்குக்கு மாதம் 1 சதவீதம் கட்டணம் சேரும் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. அந்த வரி அப்படியே அச்சான பில்லை நம் ஊர்க் கடையொன்றில் கண்டிருக்கிறேன். கடைக்காரர் ஐந்து வேளை தொழுகிறவர். வட்டியில் ஒரு சதமும் தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வங்கியைக்கூட மாற்றிக்கொண்டவர். தன் கடை முத்திரைக்குக் கீழே, தன் பெயரால், ஒவ்வொரு நாளும் வட்டி நிபந்தனை கொடுத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. வாங்கிப்போனவருக்கும் தெரியவில்லை. நிறத்தைத் தெரிவுசெய்வதற்கு அரை மணித்தியாலம் செலவழித்தவர்கள் கடைசி வரியை வாசிக்காமல் விட்டதற்கு ஒரே காரணம், அது அவர்கள் வாசிக்கும் மொழியில் இல்லை. இதைத் தொழில்முறை என்று எப்படிச் சொல்வது?

கடன் எழுதுவதைப் பற்றி நமக்கு வெளியிலிருந்து பாடம் தேவையில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா அல்பகராவின் 282ஆவது வசனம், முழுக்க இதைப் பற்றியதே. தவணைக் கடனை எழுதச் சொல்கிறது. சிறியதானாலும் பெரியதானாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்கிறது. சாட்சிகளைக் கேட்கிறது. கைக்குக் கை நடக்கும் ரொக்க வியாபாரத்தை எழுதாமல் விட அனுமதிக்கிறது. இவற்றையெல்லாம் ஜும்ஆ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த வசனத்தின் நடுவில் இருக்கும் ஏற்பாட்டை எவ்வளவு யோசித்திருக்கிறோம்? வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன் பட்டவர். அவரால் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் அவருக்காகச் சொல்ல வேண்டும். பலம் குறைந்த பக்கத்தின் வாயிலிருந்து கணக்குப் பிறக்க வேண்டும் என்பதே அங்குள்ள நீதி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கடனாளிக்குப் புரியாத மொழியில், கடைக்காரர் மட்டும் நிரப்பி நீட்டும் தாள் எந்தப் பாணியில் இருந்தால் என்ன?

கையொப்பத்துக்கு இடமில்லாததும் இதே குறையின் இன்னொரு முகம். மின்னஞ்சலில் போகும் தாளில் வாங்குபவர் கையொப்பம் இட வேண்டியதில்லை. ஆகவே டெம்ப்ளேட்டில் அந்தக் கோடு கிடையாது. பழைய பில் புத்தகத்தில் 'சாமான் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு கோடு இருந்தது. இந்த நாட்டின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த சாமானுக்கும் கடைப் பில்லுக்கும் கொப்பிக் கடனுக்கும் வழக்குத் தொடரக் கிடைப்பது கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரே வருடம். எழுத்திலான உடன்படிக்கைக்கு 6 வருடம். ஒரு போகம் அழிந்து, அடுத்த சிறுபோகத்துக்கும் தண்ணீர் இல்லாமல் போனால் அந்த ஒரு வருடம் கண்முன் கரைந்துவிடும். நம்மவர்கள் இலேசில் நீதிமன்றம் போகிறவர்கள் அல்லர், பள்ளிவாசல் நிர்வாகத்திடம்தான் போவார்கள். அங்கேயும் கேட்கப்படும் முதற் கேள்வி, இதில் அவருடைய கையொப்பம் எங்கே என்பதுதான்.

பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள், வீட்டில் வாசித்துச் சொல்வார்கள் என்று ஒரு பதில் இருக்கிறது. தன் கடனை அறிய ஒரு மனிதர் பாடசாலை விட்டு மகள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றால், அது அவருடைய கௌரவத்தைக் குறைப்பது. பசளையை எடுக்கும்போதே, மேசையில் வைத்தே, பிழையிருந்தால் 'முதலாளி, இது நாலு மூடை இல்லை, மூன்று' என்று சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும்.

தமிழ் எழுத்து சரியாக வராது என்ற பதிலில் கொஞ்சம் உண்மை உண்டு. அச்சகங்கள் பாமினி எழுத்துருவில் பழகிவிட்டன. அதில் தட்டியதை வேறு கணினியில் திறந்தால் ஆங்கிலக் குறிகளாகச் சிதறுகிறது. சிறிய தேர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே இல்லை, படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். ஆனாலும் யூனிகோடில் நோட்டோ சான்ஸ் தமிழும் முக்தா மலரும் இலவசமாகக் கிடைக்கின்றன. பயிற்சியில் நிறங்களுக்குக் கொடுக்கும் பிற்பகலில் ஒரு மணித்தியாலத்தை இதற்குக் கொடுத்தால் போதும். தேர்மல் தாள் கடன் பில்லுக்கு உதவாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். சூட்டில் கறுக்கும் பூச்சு உள்ள தாள் அது. வெயிலும் வெக்கையும் பட்ட அச்சு, வெள்ளாமை வெட்டு வரும் முன்பே மங்கிவிடும்.

வரிக் கட்டத்தைப் பற்றியும் ஒன்று. டெம்ப்ளேட்டில் இருக்கிறதே என்பதற்காகப் பெறுமதி சேர் வரிக்குப் பதியாத கடைகளும் அதை வைத்திருக்கின்றன. 'டெக்ஸ் இன்வொய்ஸ்' என்ற தலைப்பையும் போட்டுக்கொள்கின்றன. 2002ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டப்படி அந்தத் தாளைக் கொடுக்கும் உரிமை பதிவுசெய்தவருக்கு மட்டுமே. வரி 18 வீதமாக இருக்கும் இக்காலத்தில் அந்தத் தலைப்பு அலங்காரமல்ல, ஆபத்து. உடனே நீக்குங்கள்.

கொழும்புக்கு அனுப்பும் விலைப்பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கட்டும், எந்தப் பாணியிலும் இருக்கட்டும். ஊர்க் கடனுக்கு வேறு தாள் வேண்டும். தமிழில், ஏ4இன் பாதியில், இரண்டு பிரதியாக. மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டு, சாமானின் முழுப் பெயரும் மூடையின் நிறையும் விலையும் எழுதி, எந்தப் போகத்தில் தருவதென்று குறித்து, எடுத்தவருக்கும் கொடுத்தவருக்கும் சாட்சிக்கும் மூன்று கோடுகள் விட்டால் வேலை முடிந்தது. அடுத்த பயிற்சியை நடத்துபவர்கள் பசளைக் கடைக்கு ஒன்று, ஹார்ட்வெயார் கடைக்கு ஒன்று என்று இந்தத் தாளை ஆக்கிக் கொண்டுவரட்டும்; வட்டி வரியை நீக்கியிருக்கிறார்களா என்று நான் முதலில் பார்ப்பேன்.