மேடையும் திரையும்: சீட்டா ரிவேராவின் நடிப்புக் கலை

நூலாசிரியன் மறையினும் நூல் நின்று நிலவும். நடிப்போ அரங்கின் விளக்கு அணைந்த அளவிலேயே மறைவது. திரைப்படம் தோன்றி அக்குறையைத் தீர்த்தது என்பர் பலர். அமெரிக்க இசைநாடக நடிகையார் சீட்டா ரிவேராவின் (1933–2024) கலைவாழ்வு அக்கொள்கையை ஐயுறச் செய்கின்றது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

ரிவேரா வாஷிங்டனில் பிறந்தவர். தந்தையார் பியூர்ட்டோ ரிக்கோ மரபினர். அமெரிக்கக் கடற்படை இசைக்குழுவில் இசைத்தவர். ஏழாம் வயதில் அவரை இழந்த ரிவேரா, பின்னர் நியூயார்க்கில் பாலன்சைன் நிறுவிய பாலே பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் பயின்றார். அவர்தம் கலைக்கு அப்பயிற்சியே அடிப்படையாயிற்று.

அவர் முதன்முதல் மேடையில் உருவாக்கிய பாத்திரங்களுள் மூன்று சிறந்தன: 'வெஸ்ட் சைடு ஸ்டோரி'யின் அனிதா (1957), 'பை பை பேர்டி'யின் ரோசி (1960), 'சிகாகோ'வின் வெல்மா கெல்லி (1975). மூன்று நாடகங்களும் படமாயின. மூன்றிலும் அப்பாத்திரங்களைப் பிறரே ஏற்றனர். ரோசியாக ஜேனட் லீ 1963-இல் நடித்தார். அனிதாவாக 1961-இல் நடித்த ரீட்டா மொரேனோவும், வெல்மாவாக 2002-இல் நடித்த கேத்தரின் சீட்டா ஜோன்சும் ஆஸ்கார் பரிசு பெற்றனர்.

இதனால் ரிவேராவின் நடிப்பு திரைக்கு ஒவ்வாதது எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. 'ஸ்வீட் சாரிட்டி' (1969) படத்தில் அவர் ஆடிய ஆட்டமே அதனை மறுக்கும். மேலும், மேடை அனிதாவும் திரை அனிதாவும் முற்றும் ஒருவர் அல்லர். மேடையில் 'அமெரிக்கா' என்னும் பாடல் மகளிர்க்கிடையே நிகழும் சொற்போர். பிறந்த தீவை எண்ணி ஏங்கும் ரோசலியாவை அனிதா எள்ளுகின்றாள். படத்திலோ அஃது ஆடவர்க்கும் மகளிர்க்கும் இடையிலான போராக மாறிற்று. ஆகவே, திரையைக் கண்டு மேடையை அளத்தல் பொருந்தாது.

அனிதாவின் பாத்திரத்தில் நகை முந்துகின்றது. உதவி செய்ய வந்த இடத்தில் இழிவுபடுத்தப்படுங்கால் அந்நகை இளிவரலாகவும் வெகுளியாகவும் திரிகின்றது. அவ்வெகுளியில் அவள் கூறும் பொய்யே தலைவனைச் சாவுக்கு உய்க்கின்றது. இம்மாற்றத்தைப் படத்தில் துண்டு துண்டாக எடுத்துப் பின்னர் இணைத்தல் இயலும். மேடையிலோ பாடலும் ஆடலும் சொல்லும் ஒரே மூச்சில், ஒரே உடலில், இரவுதோறும் நிகழ்தல் வேண்டும். ரிவேராவின் ஆற்றல் இதன்கண்ணதே.

இலத்தீன் மரபினர் என்பதனால் அவ்வகைப் பாத்திரங்களுக்கே உரியவர் என்பதும் குறுகிய மதிப்பீடே. வெல்மா அவ்வினத்தவள் அல்லள். அவருக்கு 1984-இல் டோனி பரிசு ஈட்டித்தந்த 'தி ரிங்க்' நாடகத்தின் அன்னாவும் இத்தாலிய மரபினளே.

1986-இல் ஊர்தி விபத்தில் அவரது கால் எலும்பு பல இடங்களில் முறிந்தது. எனினும் 1993-இல், அறுபதாம் அகவையில், 'கிஸ் ஆஃப் தி ஸ்பைடர் உமன்' நாடகத்தில் ஆடி இரண்டாம் டோனி பரிசு பெற்றார். அதில் அவர் ஏற்ற அரோரா, சிறைப்பட்டான் ஒருவனது கனவில் உலவும் திரைப்பட நடிகை. தம் பாத்திரங்களைத் திரையில் பிறர்க்கு விட்டவர், திரையின் தலைவியையே மேடையில் படைத்துக் காட்டினார்.

திரையில் எஞ்சியது கொண்டே நாடகக் கலைஞரை மதிப்பிடுவோமாயின், ரிவேரா சிறுபாத்திர நடிகையாகவே தோன்றுவார். அது வரலாறு ஆகாது. அன்றைய திறனாய்வு, கண்டோர் கூற்று, பாத்திரம் முதற்கண் எவர் உடலைக் கொண்டு உருப்பெற்றது என்னும் செய்தி ஆகியவற்றையும் சான்றாகக் கொள்ளுதலே முறை. பின்வந்த அனிதாக்கள் அனைவர்க்கும் முதல் அச்சு அவரே என்பது அப்பொழுது தெளிவாகும்.