மயிலின் வயது, ஜானகியின் குரல்

வெளியூர்க்காரர்கள் எங்கள் பொட்டிபுரத்தை நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தை வைத்துத்தான் அறிவார்கள். எனக்கு அது அம்மா விடியுமுன் ஜீப் ஏறிய ஊர். போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகும் அந்த ஜீப்பில் பள்ளி விடுமுறையில் நானும் போயிருக்கிறேன். ஓட்டுநர் இளையராஜா கேசட் போடுவார். ‘செந்தூரப் பூவே’ வந்தால் பெண்களின் பேச்சு நின்றுவிடும். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிய வேண்டும். குனிந்தபடி அம்மா அந்த மெட்டை முனகுவாள். மெட்டை மட்டும். சொற்களை அவள் பாடி நான் கேட்டதில்லை. என் ஆள் எங்கே என்று கேட்கும் பாட்டை வாய்விட்டுப் பாடுகிற பெண்ணுக்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

‘16 வயதினிலே’ 1977இல் வந்தது. இயக்கிய பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். இசையமைத்த இளையராஜாவும் பாட்டை எழுதிய அவர் தம்பி கங்கை அமரனும் பண்ணைப்புரத்துக்காரர்கள். மூவரும் எங்கள் பக்கத்து ஆண்கள். பூவையும் காற்றையும் பார்த்துத் தன் மன்னனைக் கேட்கும் பெண்ணை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வாய்பேசாப் பொருள்களிடம் தலைவி புலம்புவதைக் ‘காமம் மிக்க கழிபடர் கிளவி’ என்று வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அங்கும் பெண்ணின் வேட்கையைப் பெரும்பாலும் ஆண் புலவர்களே பாடினார்கள். வெள்ளிவீதியார் போன்ற சிலர் விதிவிலக்கு. ஆகவே ஆண் எழுதிய பெண்ணாசை என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பாட்டைத் தள்ளிவிட என்னால் முடியாது.

என்னை உறுத்துவது வேறு. படம் வெளிவந்தபோது ஸ்ரீதேவிக்கு 14 வயது முடிந்து ஒரு மாதம். படப்பிடிப்பின்போது 13. மெதுவியக்கக் கேமராவுக்குப் பணமில்லாததால் அந்தச் சிறுமியையே மெதுவியக்கத்தில் ஓடுவதுபோல ஓடச் செய்தார்கள். இதை இயக்குநரின் சாமர்த்தியமாகச் சொல்லிச் சொல்லி நாம் சிலாகிக்கிறோம். கேமராவின் வேலையை ஒரு குழந்தையின் உடம்பு செய்தது என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் காட்சியை இப்போது என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை.

ஆனால் கேட்க முடிகிறது. போன வருடம் அம்மாவுக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். முழங்கால் போனபின் அவள் மலைக்குப் போவதில்லை; வீட்டு வாசலில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறாள். “பாடுனது அந்தப் புள்ளையா?” என்றாள். இல்லை, ஜானகி, அப்போது அவருக்கு 39 வயது என்றேன். “அதான பாத்தேன். பதிமூணு வயசுப் புள்ளைக்கு இந்த ஏக்கம் எங்கிட்டுத் தெரியப் போகுது?”

முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு இது தோன்றியிருக்கவில்லை. குழந்தைக் குரலில் பாடுவதிலும் பேர்பெற்றவர் எஸ். ஜானகி. நினைத்திருந்தால் மயிலின் வயதுக்கே குரலைக் குறுக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கொஞ்சலும் கெஞ்சலும் இல்லாமல், தனக்கு வேண்டியது இன்னது என்று தெரிந்த ஒருத்தியின் நிதானத்தோடு பாடினார். அமெரிக்க சோல் இசையில் இதற்கு ஒரு அக்கா உண்டு. ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் பாடிய ‘ரெஸ்பெக்ட்’, வீடு திரும்பும் ஆண் மனைவியிடம் கேட்கும் மரியாதை. 1967இல் அரீத்தா ஃபிராங்க்ளின் அதைப் பெண்ணின் கோரிக்கையாகப் புரட்டினார், சொற்களையும் மாற்றினார். நம் பின்னணிப் பாடகிக்கு அந்த உரிமை ஏது? எழுதிக் கொடுத்ததைப் பாட வேண்டும். ஜானகியிடம் இருந்தது குரல் மட்டும். அதற்கு அவருடைய முதல் தேசிய விருது கிடைத்தது. அப்படியும் பாட்டைப் பற்றிய பேச்சில் அவர் பெயர் இளையராஜாவுக்கும் பாரதிராஜாவுக்கும் பின்னால்தான் வருகிறது.

படம் மயிலின் ஆசையைத் தண்டிக்கிறது. மருத்துவன் கைவிடுகிறான், ஊர் தூற்றுகிறது, அவமானத்தில் தாய் சாகிறாள். பாட்டுக்குள் அந்தத் தண்டனை நுழையவில்லை. ஜீப்பில் இருந்த பெண்கள் கதையைக் கழற்றிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வருடங்களைத் தாண்டியும் இது நிற்பதற்கு ராஜாவின் மேதைமையோடு இந்தக் கழற்றலும் காரணம் என்று நினைக்கிறேன்.

பெண் எழுதிப் பெண் பாடிய ஆசைக்கு இவ்வளவு பெரிய வரவேற்பு கிடைத்தது, எனக்குத் தெரிந்து, 2001இல் தாமரையின் ‘வசீகரா’வுக்குத்தான். பாடியவர் பம்பாய் ஜெயஸ்ரீ. நான் சொல்லை மறைக்காமல் பாடிய முதல் சினிமாப் பாட்டு அது. அதையும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. குனிஞ்சு காய் எடுக்கையில வராது.”