அலை வேறு, துடிப்பு வேறு

இதய மின்வரைபடத்தை விளக்கும் பாடநூல்கள் சில, கியூ-ஆர்-எஸ் அலைக்கு நேரே ‘கீழறைகளின் சுருக்கம்’ என்று எழுதிவிடுகின்றன. இது தவறு. 1924-இல் நோபெல் பரிசு பெற்ற ஐந்தோவனின் இழைக் கால்வனாமானி அளந்தது உடலின் இரு இடங்களுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை; அதுவும் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்! அலை கீழறைகளில் பரவும் மின்கிளர்ச்சியைக் காட்டுகிறது. சுருக்கம் அதன் பின்னரே வருகிறது.

வழக்கமான தாளில் 10 மி.மீ. உயரம் 1 மில்லிவோல்ட், 25 மி.மீ. நீளம் 1 வினாடி. இவ்வளவுகோலை அச்சிடாத படம், இயற்பியல் மாணவனுக்கு வெறும் கோலந்தான்.

இரத்தம் வெளியேறியதா என்பதைக் கோடு சொல்லாது. அலைகள் ஒழுங்காக வர, நாடி அறவே இல்லாத நிலையும் உண்டு. அப்போது தாளைப் பார்த்து நிற்கலாகாது. மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.