நாய் பழக்குதலும் நமது இலக்கிய மரபும்: ஒரு நோக்கு

‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கமக்காரர் வாயிலும் ஆசிரியர் வாயிலும் ஒருங்கே வழங்குவது. மாட்டைக் குறித்துப் பிறந்த இம்மொழி பிள்ளைக்கும் நாய்க்கும் உரியதாக விரிந்தமை தற்செயலானதன்று. கற்பித்தலுக்கும் அச்சுறுத்தலுக்கும் இடையே வேறுபாடு காணாத ஒரு சமூக நோக்கு இதன் பின்னே நிற்கின்றது. அந்நோக்குக்கு நமது இலக்கியங்கள் எவ்வகையில் துணைபோயுள்ளன என்பதையும், நாயின் நடத்தையும் உணர்ச்சியும் பற்றி இன்று நாம் பெற்றுள்ள அறிவு அவ்விலக்கியங்களைப் படிக்கும் முறையை எவ்வாறு மாற்றக்கூடும் என்பதையும் இக்கட்டுரையில் நோக்க விழைகின்றோம். நாய் பழக்குதல் திறனாய்வுக்குரிய பொருளா எனச் சிலர் வினவலாம். நாயை உவமையாக்கும் புலவரிடத்து எழுப்பாத வினாவை நம்மிடத்து மட்டும் எழுப்புவானேன்?

நாலடியாரிலிருந்து தொடங்குவோம். நட்பாராய்தல் அதிகாரத்துச் செய்யுளொன்று (213) யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகின்றது. யானை நெடுங்காலம் பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ தன்மீது எறியப்பட்ட வேல் உடம்பிலே தைத்துக் கிடக்கையிலும் வாலை ஆட்டும். ஆதலின் யானை போன்றாரை விடுத்து நாய் போன்றாரோடு நட்புக் கொள்க என்பது அதன் கருத்து. வகுப்பறையில் இச்செய்யுள் நன்றியறிதலுக்கு எடுத்துக்காட்டாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. வேலை எறிந்தவன் யார், ஏன் எறிந்தான் என்னும் வினா எழுவதில்லை. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணரோடு தொடர்புறுத்தப்படும் நூலிலே அந்த வேல் கேள்வியின்றிக் கிடப்பது வியப்புக்குரியது. அதே நூலின் கீழ்மை அதிகாரம் (345) வேறொரு நாயைக் காட்டுகின்றது. பொற்கலத்தில் உணவிட்டுப் பேணினும் அது பிறரது எச்சிலையே இமையாது நோக்கியிருக்குமாம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. குத்துண்டும் வாலாட்டினால் அந்த விலங்கு உத்தமம். தன் பசிக்கும் மோப்பத்துக்கும் இசைய நடந்தால் கயமை. செய்யுள்களின் நோக்கம் மனித நட்பும் மனிதக் கீழ்மையுமே, நாயன்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உவமானம் வெறும் அணியன்று. கேட்போர் யாவரும் ஐயமின்றி ஒப்புக்கொள்வர் எனப் புலவன் கருதிய செய்தியே உவமானமாக அமைகின்றது.

இவ்வுறவு எக்காலத்தும் ஒரு தன்மையதாக இருந்ததில்லை. பெரும்பாணாற்றுப்படையிலே நாய்களோடு புதர்களைக் கலைத்து, வலை கட்டி முயல் பிடிக்கும் வேட்டுவரைக் காண்கின்றோம். அங்கு நாய் உழைப்பிலே பங்காளி. நிலவுடைமை வேரூன்றிய சமுதாயத்தில் அது பிறர் உடைமைக்குக் காவலாகின்றது. திருவாசகத்திலே அடியவன் ஆண்டவன்முன் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் சொல்லாக ‘நாயேன்’ நிலைபெறுகின்றது. நம்மூர்களில் வைரவர் கோயில்களுக்குக் குறைவில்லை. அவருக்கு வாகனம் நாய். வடைமாலை சாத்திவிட்டு வெளியே வரும் கையே வீதியிற் படுத்திருக்கும் நாய்மீது கல்லெறிவதையும் நாம் கண்டதுண்டு.

இவ்விடத்து முற்போக்கு வாசகர்க்கு நியாயமான ஓர் ஐயம் எழும். 1927 மார்ச் 20 இல் அம்பேத்கரின் தலைமையில் மகாட் குளத்தில் நீரருந்தச் சென்றோர், விலங்குகளுக்கு மறுக்கப்படாத நீர் தமக்கு மறுக்கப்பட்டதையே எதிர்த்தனர். தேநீர்க்கடையிலும் ஆலயத்திலும் மனிதர் நுழைவதற்கே 1960களின் பிற்பகுதியிற் குடாநாட்டிற் போராட வேண்டியிருந்தது. அத்தகைய மண்ணில் நாய்க்காகப் பரிந்து பேசுதல் வசதி படைத்தோர் பொழுதுபோக்காகாதா? ஒடுக்கப்பட்ட மனிதரையும் நாயையும் ஒரு தட்டில் வைப்பது நமது கருத்தன்று. ஆனால் அடக்குவோன் கையாளும் தருக்கம் ஈரிடத்தும் ஒன்றே. அச்சத்தினால் வரும் பணிவை அவன் அன்பு என்றும் மரியாதை என்றும் பெயரிட்டு அழைக்கின்றான். அறிவியல் இன்று கேள்விக்குட்படுத்துவது இப்பெயரீட்டையே.

மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் முறைபற்றி டார்வின் 1872 இல் வெளியிட்ட நூலிலே நாயின் உடல்நிலைகள் நுணுக்கமாக விவரிக்கப்பட்டுள்ளன. வாலாட்டம் ஒரே பொருளுடைய சொல்லன்று. வாலின் உயரம், உடலின் இறுக்கம், காதின் சாய்வு ஆகியவற்றோடு சேர்த்தே அதனைப் படித்தல் வேண்டும். 2007 இல் இத்தாலிய ஆய்வாளர் 30 நாய்களை அவதானித்தபோது, வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால் வலப்புறம் மிகுதியாக ஆடுவதையும், அறிமுகமற்ற ஆதிக்க இயல்புள்ள நாயைக் கண்டபோது இடப்புறம் மிகுவதையும் பதிவுசெய்தனர். 2009 இல் அலெக்சாண்ட்றா ஹொறோவிற்ஸ் 14 நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. தின்னவேண்டாம் எனத் தடுத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பது பற்றி, வெளியே சென்று திரும்பிய வளர்ப்பவருக்குச் சிலவேளை பொய்த்தகவல் கொடுக்கப்பட்டது. ‘குற்றவுணர்வு’ என நாம் வழங்கும் அந்த ஒடுங்கிய பார்வை, தின்றதனால் அன்று, ஏசப்பட்டதனாலேயே தோன்றியது. குற்றமற்றிருந்தும் ஏச்சு வாங்கிய நாய்களிடத்தே அது மிகுதியாகவும் காணப்பட்டது. வேல் தைத்த நாயின் வாலை இவ்வொளியிலே நோக்கின், அது நன்றியின் வெளிப்பாடு என்பதினும் மேலும் வேல் எறியாதிருக்குமாறு வேண்டும் சைகை என்பதே பொருந்துகின்றது.

அடித்துப் பழக்குவோர் தம் முறைக்கு அறிவியற் சான்றும் காட்டியதுண்டு. கொன்றாட் மோஸ்ற் என்னும் ஜேர்மானியர் 1910 இல் எழுதிய பயிற்சி நூல் வற்புறுத்தலை அடிப்படையாகக் கொண்டது. அடைபட்ட ஓநாய்களைப் பற்றி ஷெங்கெல் 1947 இல் எழுதியதிலிருந்து, நாய்க்கு மனிதன் கூட்டத்தலைவனாகத் தன்னை நிலைநாட்டவேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. இயற்கையான ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே என டேவிட் மெக் 1999 இல் விளக்கியபின் அக்கொள்கையின் அடித்தளம் ஆட்டங்கண்டது. சிறைப்பட்டோரின் சச்சரவை அவ்வினத்தின் இயல்பெனக் கொண்டதே இங்கு நேர்ந்த பிழை.

மாற்றுவழி புதியதன்று. விரும்பத்தக்க விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்னும் எளிய விதியைக் கொண்டு விலங்குகளுக்குக் கற்பிப்பது எவ்வாறு என ஸ்கின்னர் 1951 இலேயே பொதுவாசகர்க்கு எழுதினார். செயல் நிகழ்ந்த கணத்திலேயே ஓர் ஒலியால் அதனைக் குறித்து, உடன் உணவளித்தல் அதன் சாரம். தாமதித்துக் கொடுத்தால் எதற்குப் பரிசு என்பது நாய்க்கு விளங்காது. போர்த்துக்கல்லில் 92 வளர்ப்பு நாய்களைக் கொண்டு 2020 இல் வெளியான ஆய்வு, தண்டனைமுறைப் பயிற்சி பெற்றவற்றில் மன அழுத்தத்தைக் காட்டும் நடத்தைகளும் உமிழ்நீரில் கோட்டிசோல் உயர்வும் கூடியிருந்தமையை வெளிப்படுத்தியது. ஆயினும் ஸ்கின்னரிடத்து நமக்கு முழு உடன்பாடில்லை. நாயின் அகத்தை ஒதுக்கிவைத்து நடத்தையை மட்டும் அளக்கும் அவருடைய நோக்கிலே, எதைக் கற்பிப்பது என்பதை முடிவுசெய்பவன் என்றும் மனிதனே. பரிசளிக்கும் கையும் அதிகாரத்தின் கையாகலாம். நாய்க்கு அச்சமும் சலிப்பும் விருப்பும் உள என்பதை ஏற்றபின்னரே பரிசு உறவாக மாறுகின்றது.

புத்தூரிலே நாம் அறிந்த ஒரு வீட்டின் செய்தியை இங்குக் கூறுவது பொருந்தும். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்யும் குடும்பம். படலையருகே பூவரசில் விடியல் முதல் இரவுவரை சங்கிலியிற் கட்டுண்ட நாய். வீதியாற் போவோரைக் கண்டு உறுமும். உறுமுந்தோறும் தடியடி விழும். சில மாதங்களில் உறுமல் நின்றது. “இப்ப நல்லாய்ப் படிஞ்சிட்டுது” என வீட்டார் மகிழ்ந்தனர். ஒருநாள் அயல்வீட்டுச் சிறுவன் பந்தெடுக்கக் குனிந்தபோது ஓசையின்றிக் கடித்தது. விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசிக்குச் சிறுவனைக் கொண்டோடினர். உறுமல் என்பது ‘அணுகாதே’ என்னும் அறிவிப்பு. அடி அந்த அறிவிப்பை மட்டுமே அழித்தது, அச்சத்தை அழிக்கவில்லை. நாயைக் கொன்றுவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் எழுந்தது. அவ்வீட்டுப் பெண்பிள்ளையே குறுக்கே நின்றாள். பகலிற் சங்கிலியை அவிழ்த்து, கிணற்றடிப் பக்கம் வேலியடைத்து விட்டாள். ஆள் தொலைவில் வரும்போதே, நாய் பதறுமுன், கருவாட்டுத் துண்டொன்று கொடுப்பாள். தொலைவை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் குறைத்தாள். ஆடி தொடங்கி மார்கழி வரை சென்றது. அயலவர் இதனை ‘லஞ்சம்’ என்று சிரித்தனர். கூலி பெற்று உழைப்பவனை லஞ்சம் பெறுபவன் என எவரும் சொல்வதில்லை என்பதை அவர்கள் கருதவில்லை.

அண்மையில் அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றிருந்தோம். நாய் படலைக்கு வந்து மோந்து பார்த்துவிட்டு நிழலுக்குப் போயிற்று. சிறிது நேரத்தில் தகப்பனார் பயிற்றங்கொடிக்கு நாட்டுவதற்குத் தடியொன்றைக் கையிலெடுத்தார். உடனே அது வயிறு நிலத்திற்பட ஒடுங்கி, தாழ்ந்த வாலை மெல்ல ஆட்டியது. உடன் வந்த நண்பர், “பாருங்கோ, என்ன நன்றி” என்றார். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. தடியை வேலியிற் சாத்திவிட்டு, வெறுங்கையைக் காட்டி அதனை அழைத்தார். நாய் அவரிடம் வருவதற்கு நேரமெடுத்தது.